மாடி அறையில் ஹாட் டப் வைக்கலாமா?

கேள்வி:
பெங்களூரு ராமமூர்த்தி நகரில், முப்பதுக்கு நாற்பது மனையில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடு எங்களுடையது. முதல் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று காலியாக இருப்பதால், நான்கு பேர் அமரக்கூடிய ஹாட் டப்பை, அதாவது வெந்நீரில் அமர்ந்து குளிக்கும் பெரிய தொட்டியை, அங்கே வைக்க எண்ணியிருக்கிறோம். முழங்கால் வலியால் அவதிப்படும் அம்மாவுக்கு, வெந்நீரில் கால்களை நனைத்த இரவுகளில்தான் சற்று உறக்கம் வருகிறது. பிளக்கைச் செருகினால் போதும் என்கிறார் கடைக்காரர். அவ்வளவு எளிதா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1:
கட்டுமானப் பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன்: தொட்டியின் விலையைக் கேட்பதற்கு முன் அதன் எடையைக் கேளுங்கள். 1,200 லிட்டர் தண்ணீரே 1,200 கிலோ; காலித் தொட்டி ஏறத்தாழ 300 கிலோ, நான்கு பேர் 280 கிலோ என்று சேர்த்தால் 1,780 கிலோ ஆகிறது. இது இரண்டு மீட்டர் சதுரத்துக்குள் அடங்கும்போது சதுர மீட்டருக்குச் சுமார் 445 கிலோ சுமை ஏறும். வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் பயன்பாட்டுச் சுமையோ (ஆட்களும் பொருள்களும் தளத்தில் ஏற்றும் எடை) சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோதான். சிலாப் அன்றே இடிந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் நாள் முழுவதும் இறங்காத சுமை என்பதால் தளம் மெல்லத் தொய்ந்து விரிசல் விடக்கூடும். கம்பி விவரம் உள்ள வரைபடத்தைப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் மாடியில் வைக்கவே வேண்டாம். தரைத்தளமே நல்லது, அங்கும் நிரப்பிய மண் நன்றாக இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள்.

பதில் 2:
ஐயா சொன்னதோடு ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் தொட்டியைப் பொருத்தித் தந்த ஒப்பந்தக்காரர், எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாயை வெளியே விடாமல் மாடிப்படிக் கூடத்துக்குள் திருப்பிவிட்டார். ஆறே மாதத்தில் ஜிப்சம் சீலிங்கில் தேநீர் சிந்தியதுபோல் மஞ்சள் வட்டங்கள் தோன்றின. பக்கத்து அறையிலிருந்த பிளைவுட் அலமாரியின் பின்பலகையை விரலால் அழுத்தியபோது அது பிஸ்கட்டைப்போல் உதிர்ந்தது. குழாயை வெளிச்சுவருக்குக் கொண்டுபோங்கள், ஜிப்சம் சீலிங்கைத் தவிருங்கள், குளிக்காத நேரங்களில் தொட்டியை மூடியே வையுங்கள். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்தவுடன் தரையில் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் கசிவு பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள்.

பதில் 3:
மின்சாரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். தொட்டிக்கென்று தனி லைனும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், சரியான எர்த்திங்கும் கட்டாயம். 1,200 லிட்டரை 24 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 20 யூனிட் செலவாகும். 3 கிலோவாட் ஹீட்டர் ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால் ஹீட்டரில் சுண்ணாம்பு படியும். அதனால் முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் கார் கழுவவும் தோட்டத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து 5,000 ரூபாய் அபராதம் அறிவித்ததை நாம் மறந்துவிடக் கூடாது. வெளியேற்றும் நீரைக் குளோரின் தணிந்தபின் கழுவுவதற்குப் பயன்படுத்த வழி செய்யுங்கள். அம்மாவுக்காக ஒன்று: வெப்பம் 40 டிகிரியைத் தாண்டவே கூடாது. இரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே அவரைத் தொட்டியில் இறக்குங்கள். பிடித்து ஏறக் கைப்பிடியும் வேண்டும்.

கேட்டவர்:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மாடி யோசனையைக் கைவிட்டு, தரைத்தளத்தின் பின்னறையைப் பார்த்தோம். அங்கே செல்லும் பக்கச் சந்து 2 அடி 9 அங்குலமே இருக்கிறது. தொட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தினாலும் 3 அடி உயரம் வருவதால் நுழையாது. ஆகவே முன்னறையையே ஒதுக்குகிறோம். இருவர் அமரும் சிறிய தொட்டி போதும் என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.