குரூப் 4 (டிஎன்பிஎஸ்சி நடத்தும் அரசு வேலைத் தேர்வு) படிப்பை விட்டுவிடலாம் என்றிருந்த நாளில் நீங்கள் பார்த்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள்

கோட்டூர்புரத்து மேசை:

மூன்றாவது முறை படித்துக்கொண்டிருந்த சமயம். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிக்கும் பகுதி எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்கும் தெரியும். எனக்கு எதிரே நாற்பது வயதிருக்கும் ஒருவர் தினமும் உட்காருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஓஎம்ஆர் தாளின் ஜெராக்ஸில் கறுப்புப் பேனாவால் வட்டங்களை நிரப்பிக்கொண்டிருப்பார். அவர் போனை எடுத்து நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் மதியம் மெல்லக் குனிந்து, "தம்பி, காலையிலேர்ந்து அதே பக்கத்துலதான் இருக்கீங்க" என்றார். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல். அதே பக்கம்தான். அதன்மேல் போனை வைத்து, எத்தனை மார்க் எடுத்தால் வேலை கிடைக்கும் என்ற கட்-ஆஃப் கணிப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்க வேலையைப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் எதிரே உட்காரவே இல்லை.

மறுநாளிலிருந்து போனை வண்டியிலேயே பூட்டிவிட்டு உள்ளே போனேன். இப்போது வேலைக்கு வந்தாயிற்று. அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை.

தென்காசிப் பொண்ணு:

எனக்கு வெளியாள் யாரும் இல்லை, அம்மாதான். எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் பீடி சுற்றுகிறோம். மடியில் தட்டு இருந்தால் புத்தகத்தைப் புரட்ட முடியாது, கையெல்லாம் தூள். அதனால் குறளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே சுற்றுவேன். ஐந்தாறு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தபின் எதுவுமே மனதில் நிற்கவில்லை. இந்த வருஷம் எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. இலையை வெட்டிக்கொண்டே வினைத்திட்பம் அதிகாரத்தை முதல் குறளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பத்துக் குறளும், வரிசை மாறாமல். அம்மா மூன்றாம் வகுப்பு. நான் சொல்லச் சொல்லக் கேட்டே மனப்பாடம் ஆகியிருக்கிறது. எட்டாவது குறளில் நின்று, "அடுத்தது என்னட்டி?" என்று கேட்டார். எனக்கு வரவில்லை. அவரே சொன்னார்.

அந்த "என்னட்டி" இன்னும் காதில் இருக்கிறது. நான் மறந்துதான் போயிருந்தேனா, அழுகையில் வரவில்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒன்றரை ஷிப்ட்:

முதலில் எழுதிய நண்பர் போனைப் பூட்டிவிட்டுப் போனேன் என்கிறார். நல்லது. ஆனால் நூலகத்தில் பகல் முழுக்க உட்கார முடிந்தவர்களுக்குத்தான் அது சரிப்படும். நான் திருப்பூரில் பனியன் கம்பெனி. காலை எட்டரைக்கு நுழைந்தால் இரவு எட்டரை. எனக்குப் போன் இல்லாவிட்டால் படிப்பே இல்லை. பாடத்தை என் குரலிலேயே பதிவு செய்து, அயர்ன் போடும்போது இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்பேன். ஒருநாள் மாஸ்டர் வந்து பாட்டு என்று நினைத்து ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தன் காதில் வைத்தார். அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள், 12 முதல் 35 வரையிலான உறுப்புகள் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டார். திரும்ப என் காதிலேயே செருகிவிட்டுப் போய்விட்டார்.

அதனால் போன் மேல் பழி போடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. கணக்கைப் பாருங்கள்: 200 கேள்வி, மூன்று மணி நேரம். ஒன்றுக்கு 54 விநாடி, வட்டம் நிரப்புவதும் அதற்குள்தான். இந்த வேகம் கைக்கு வர மாதக்கணக்கில் பழக வேண்டும், கடைசி வாரத்தில் வராது. தமிழில் 100 கேள்வி, பாதித் தேர்வு அதுதான். அதில் 150 மார்க்குக்கு 60 எடுக்காவிட்டால் மற்றது எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. ஆகவே ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை வரி விடாமல் படியுங்கள், கையேடு அப்புறம். கணக்கும் அறிவுக்கூர்மையும் 25 கேள்வி, தினமும் ஐந்து கணக்கு போட்டால் பயம் போய்விடும். தெரியாத கேள்விக்கு 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டம் இருக்கிறது, எதையும் நிரப்பாமல் விடாதீர்கள். முக்கியமாக, தூக்கத்தைக் குறைக்காதீர்கள். நான் குறைத்தேன், சட்டையைக் கருக்கினேன், அந்த வாரம் சம்பளத்தில் பிடித்தார்கள். வாரத்தில் ஆறு நாள் முக்கால் மணி நேரம் போதும். ஏழாம் நாள் மட்டும் முழு மாதிரித் தேர்வு.

தென்காசிப் பொண்ணு:

அண்ணா, இதெல்லாம் தெரியும். நான் கேட்கவே இல்லையே. ஆனால் உங்கள் மாஸ்டர் விஷயம் மனதில் நிற்கிறது. அவர் அப்புறம் ஏதாவது கேட்டாரா?

ஒன்றரை ஷிப்ட்:

கேட்கவில்லைம்மா. இன்னொருத்தன் பாட்டுப் போட்டபோது திட்டினார், என்னைத் திட்டவில்லை. அவ்வளவுதான்.

வாசல் பக்கம்:

2022-இல் ஜூலை 24 எழுதினோம், முடிவு வந்தது அடுத்த மார்ச். எட்டு மாதம் என்ன செய்வது என்று தெரியாமல் கிடந்தே பாதிப் பேர் விட்டுவிட்டோம். நானும் விட்டேன். 2024 ஜூன் 9 தேர்வுக்கு வீட்டுக்காகத்தான் போனேன்.

ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், தெரியும் இல்லையா. மூடிய கொஞ்ச நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா ஓடி வந்தார். பஸ் தாமதம் என்கிறார், ஹால் டிக்கெட்டைக் கம்பி வழியாக நீட்டுகிறார், கெஞ்சுகிறார். விடவில்லை. நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ச் சொல்லியிருந்தாலும் திறந்திருக்க மாட்டார்கள், ஆனாலும் சொல்லவில்லை.

தேர்வு முடிந்து வெளியே வந்தால் எதிர்க் கடை நிழலில் அவர் உட்கார்ந்திருக்கிறார். குழந்தை மடியில் தூங்குகிறது. "தம்பி, கொஸ்டின் பேப்பரைக் கொஞ்சம் குடுங்க" என்றார். வாங்கி, முதல் கேள்வியிலிருந்து பென்சிலால் குறித்துக்கொண்டே போனார். நான் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். பேப்பரை அவரிடமே விட்டுவிட்டு வந்துவிட்டேன். விடைக்குறிப்பு வந்தபோது சரிபார்க்க என்னிடம் பேப்பர் இல்லை.

அன்றிரவே ஆறாம் வகுப்புத் தமிழைத் திரும்ப எடுத்தேன்.

கோட்டூர்புரத்து மேசை:

ஒன்றரை ஷிப்ட் சொன்னது சரிதான், நூலகத்தில் உட்கார எனக்கு வசதி இருந்தது. அதை எழுதியிருக்க வேண்டும். வாசல் பக்கம், அந்த அக்கா எந்த ஊர் என்று கேட்டீர்களா?

வாசல் பக்கம்:

கேட்கவில்லை.