பாய்சனா, ட்ரெசோரா? கல்யாணத்துக்கு எதை வாங்குவது?

ஜூன் முதல் வாரம் ராயபுரத்தில் தங்கை கல்யாணம். ஒரே ஒரு பெர்ஃப்யூமுக்குப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். டியோரின் பாய்சன் (1985) அல்லது லான்கோமின் ட்ரெசோர் (1990).

இரண்டு வாரமாக கைக்கு ஒன்றாக சாம்பிள் போட்டுப் பார்க்கிறேன். பாய்சனில் பிளம் பழமும் சம்பங்கியும். மெட்ரோ ஏசியில் அடங்கி இருக்கிறது. தண்டையார்பேட்டையில் இறங்கி அந்தக் கடல் புழுக்கத்தில் நடந்தால் இரண்டு மடங்காக எழுகிறது. கோயில் வாசல் பூக்கடையில் நிற்பது மாதிரி, எனக்கு அவ்வளவு பிடிக்கும். அம்மா உடனே ஃபேனைக் கூட்டி வைக்கிறார்.

ட்ரெசோரில் ரோஜா, பீச், ஆப்ரிகாட். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என் தோழிக்கோ அது வெறும் முகப்பவுடர் வாசனை. வியர்த்ததும் என் தோலில் பழ வாசனை போய்விடுவது உண்மைதான்.

ஒரே ஸ்ப்ரேயோடு நிறுத்திப் பார்த்தேன், பருத்தித் துப்பட்டாவில் அடித்தும் பார்த்தேன். பட்டில் அடிக்க மாட்டேன், கறை படும். அப்புறம் தலையில் மல்லி வைத்துக்கொண்டு சோதித்தேன். பாய்சன் மல்லியோடு மோதுகிறது, ட்ரெசோர் ஒத்துப்போகிறது.

மண்டபத்தில் ஏசி கிடையாது. காலை 6 மணி முதல் மதியம் 2 வரை அங்கேதான், தலை நிறைய மல்லியோடு.

சென்னை வெயிலில் இரண்டையும் போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்: எதை வாங்கட்டும்?