பைக் ரேஸில் நாவிஸ் (புதியவர்கள்) பிரிவில் அடிக்கடி விழுகிறவர்களுக்காக, உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஆறாம்கியர்:

முதல் சீசன் ஓட்டுகிற தம்பிகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, ஒவ்வொரு ரவுண்டிலும் விழுகிறேன், எனக்கு இது சரிப்பட்டு வராதா?" வரும். ஆனால் விழுந்ததிலிருந்து என்ன எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஓட்டியதில் பெரும்பகுதி இருங்காட்டுக்கோட்டையில், 1990-ல் திறந்த அந்த 3.7 கிலோமீட்டர் ட்ராக்கில். மிச்சம் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி ஸ்பீட்வே. இரண்டு இடத்திலும் விழுந்திருக்கிறேன். எனக்குப் புரிய ஒரு சீசன் முழுக்கப் பிடித்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விழுந்ததற்கான காரணத்தை விழுந்த இடத்தில் தேடினால் கிடைக்காது. அதற்கு எவ்வளவோ முன்னாலேயே, நேர்கோட்டிலேயே, அது ஆரம்பித்திருக்கும்.

நீண்ட நேர்கோடு முடிந்து வரும் மெதுவான வளைவு ஒன்றில் அடுத்தடுத்து விழுந்தேன். எல்லாம் ஒரே மாதிரி. முன் சக்கரம் மடியும், வண்டி உள்பக்கம் படுக்கும், நானும் வண்டியும் தனித்தனியாக ட்ராக் ஓரத்துக் கிராவலுக்குள் (சரளைக்கல்) போவோம். பிட்டுக்கு (டீம் வண்டியைப் பார்க்கிற இடம்) வந்து டயர் சரியில்லை என்றேன், தூசி என்றேன், காற்றைக் குறைத்துப் பார்த்தோம், ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) ஆயிலைக்கூட மாற்றினோம். ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் ட்ராக்கை மூடிய பிறகு எங்கள் டீமின் மூத்த மெக்கானிக் என்னை அந்த வளைவுக்கு நடத்தியே கூட்டிப்போனார். எப்படி விழுந்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. "பிரேக்கை எங்கே பிடிச்சே, அந்த இடத்தைக் காட்டு" என்றார். என்னால் காட்ட முடியவில்லை. முன்னால் போனவனின் பின் டயரையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன், அவன் பிடித்தபோது நானும் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். அப்புறம் கீழே குனிந்து ஃபுட்பெக் (கால் வைக்கிற கட்டை) தாரைக் கீறியிருந்த கோட்டைக் காட்டினார். அது அபெக்ஸுக்கு (வளைவின் உள்விளிம்பைத் தொடுகிற புள்ளி) ரொம்ப முன்னாலேயே தொடங்கியிருந்தது. அதாவது வண்டியைச் சாய்த்த உடனேயே முன் சக்கரம் போய்விட்டது.

நடந்தது இதுதான். பிரேக் எங்கே பிடிப்பது என்று ஒரு மார்க்கர் (அடையாளம்) இல்லாததால் தாமதமாகப் பிடித்தேன், தாமதமானதால் அவசரமாகக் கியர் குறைத்தேன், அவசரத்தில் வேகம் அதிகமென்று பயந்து சாயும்போதும் லிவரை இறுக்கிப் பிடித்திருந்தேன், கடைசியில் சட்டென்று விட்டுவிட்டேன். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் அமுங்கி முன் டயரைத் தரையில் அழுத்தி வைத்திருக்கும். அதைத் திடீரென விட்டால் ஃபோர்க் துள்ளி எழும், டயர் மேல் இருந்த பாரம் போய்விடும், சாய்ந்திருக்கிற வண்டிக்கு அந்த நொடியில் பிடிப்பு இருக்காது. டயரில் ஒரு குறையும் இல்லை. அடுத்த பயிற்சியில் எனக்கென்று ஒரு மார்க்கர் வைத்து, சற்று முன்னாலேயே பிடித்து, சாயச் சாய விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். விழாமல் இருந்ததோடு லேப் நேரமும் குறைந்தது, ஏனென்றால் வளைவுக்குள் பதறாமல் போனதால் த்ராட்டிலை முன்கூட்டியே திறக்க முடிந்தது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்த வளைவு, எத்தனையாவது லேப், கை அப்போது பிரேக்கிலா த்ராட்டிலிலா, கண் எங்கே இருந்தது, முன்னால் யாராவது இருந்தார்களா. விழுந்த அன்றே எழுத வேண்டும். ராத்திரி தூங்கி எழுந்தால் மனசு தனக்குச் சாதகமாக ஒரு கதையைக் கட்டிவிடும். கேமரா இருந்தால் விழும் காட்சியை விடுங்கள், அதற்கு முந்தைய பத்து நொடியைப் பாருங்கள். அதோடு முந்தைய லேப்பில் அதே வளைவை எப்படி எடுத்தீர்கள் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத எழுத ஒரு பாங்கு தெரியும். எனக்கு முதல் இரண்டு லேப்பில் விழுவது ஒரு வகை, அது சூடேறாத டயரை நம்பியதால். ஒரு பக்க வளைவுகளே அதிகமுள்ள ட்ராக்கில் மறுபக்கம் டயர் ஆறிக்கிடக்கும் என்பதையும் அப்படித்தான் பிடித்தேன். கடைசி லேப்களில் விழுவது இன்னொரு வகை, அது வெயிலும் களைப்பும். தோல் சூட்டுக்குள் உடம்பு வெந்துபோயிருக்கும்போது கண் பக்கத்திலேயே நின்றுவிடும், தூரம் போகாது. இதற்கு வண்டியில் செய்ய ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்க வேண்டும், உடம்பைத் தேற்ற வேண்டும்.

ஹைசைடு, அதாவது வண்டி ஆளை மேலே தூக்கி எறிகிற விழுதல் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் எலும்பை உடைக்கும். வளைவை விட்டு வெளியே வரும்போது பின் சக்கரம் வழுக்கும், பயத்தில் த்ராட்டிலை அப்படியே மூடுவோம், சக்கரத்துக்குத் திடீரென்று பிடிப்பு திரும்ப வரும், வண்டி உங்களைத் தூக்கி எறியும். த்ராட்டிலைத் திறந்ததைவிட மூடியதுதான் இங்கே வில்லன். வழுக்கினால் மூடாதே, வைத்த இடத்திலேயே வை அல்லது மெல்லக் குறை என்று வாயால் சொல்வது சுலபம், கை கேட்பதற்கு மண் ட்ராக்கில் சின்ன வண்டியில் நிறையப் பழக வேண்டும்.

ஸ்பெயின் ரேஸர் மார்க் மார்க்கெஸ் 2017-ல் ஒரே சீசனில் 27 தடவை விழுந்தார், அந்த வருடமும் மோட்டோஜிபி (உலக பைக் ரேஸின் உச்சப் பிரிவு) சாம்பியன் அவர்தானே என்று தம்பிகள் ஆறுதலாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அவர் விழுந்ததில் பெரும்பாலானவை பயிற்சியிலும் தகுதிச் சுற்றிலும். எல்லை எங்கே என்று தெரிந்தே தேடிப்போய் விழுந்தார், தெரிந்ததை ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் பயன்படுத்தினார். நாம் எல்லை எங்கே என்று தெரியாமலேயே தாண்டுகிறோம். அந்த எண்ணிக்கையைத் தைரியத்துக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடமிருந்து எடுக்க வேண்டிய இன்னொரு பாடம் 2020-ல் ஸ்பெயினின் ஹெரெஸ் ட்ராக்கில் விழுந்தது. ஜூலையில் வலது மேற்கை எலும்பு முறிந்து, அறுவை முடிந்த சில நாளிலேயே வண்டி ஏறிப் பார்த்தார். அப்புறம் அந்தக் கைக்கு மொத்தம் நான்கு அறுவைச் சிகிச்சை. அவருக்கே அந்தக் கதி என்றால் காறை எலும்பு ஒட்டுமுன் அடுத்த ரவுண்டுக்கு வருகிறேன் என்று நிற்கிற பையனைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தலையில் அடி பட்டிருந்தால், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தோன்றினாலும் அன்றைக்கு மறுபடி ஏறக் கூடாது. இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மஞ்சள்கொடி:

நான் ஓட்டுகிறவன் இல்லை, மார்ஷல், ட்ராக் ஓரத்தில் நின்று கொடி காட்டுகிறவன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவன் சொல்கிறேன், புதுசாக வருகிற பசங்களுக்கு எப்படி விழ வேண்டும் என்றே யாரும் சொல்லித் தருவதில்லை. வண்டி போய்விட்டது என்று தெரிந்த பிறகும் ஹேண்டில்பாரை விடாமல் தொங்குகிறார்கள், வண்டியோடு சேர்ந்து உருள்கிறார்கள். விட்டுவிடுங்கள். அதைவிடப் பெரிய தப்பு, இன்னும் சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நிற்கப் பார்ப்பது. உள்ளே இருப்பவனுக்கு நின்றுவிட்ட மாதிரித் தெரியும், நிஜத்தில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருப்பான், காலை ஊன்றியதும் குட்டிக்கரணம்தான். முழுசாக நின்றதும் முதலில் வண்டிகள் வரும் பக்கம் பாருங்கள், அப்புறம் வேலியை நோக்கி நகருங்கள். வண்டியை எடுக்க ட்ராக்கின் குறுக்கே ஓடாதீர்கள். நாங்கள் கொடியை ஆட்டினாலும் பின்னால் கூட்டமாக வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்தில் விழுந்து 13 வயதுப் பையன் ஒருவனை இழந்தோம். அதற்குப் பிறகு எந்தச் சின்ன விழுதலையும் என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

கோவை165:

ஆறாம்கியர் அண்ணா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பெண்கள் பிரிவில் ஓட்டுகிறேன். எனக்கு ஒரு விழுதலே அடுத்த விழுதலுக்குக் காரணமாக இருந்தது. முதல் தடவை விழுந்த பிறகு அந்த வளைவு வந்தாலே தோள் இறுகும், முழங்கை நேராகிவிடும், முழு பாரமும் கிளிப்-ஆனில் (ரேஸ் வண்டியின் ஹேண்டில்) இறங்கும். கை இறுகினால் முன் சக்கரம் தானாகச் செய்ய வேண்டிய சின்னச் சின்னத் திருத்தங்களை வண்டியால் செய்ய முடியாது, மறுபடி அதே இடத்தில் முன் சக்கரம் வழுக்கிப்போகும். என் கோச் லேப் டைமரை மூடிவிட்டு என்னை மூன்றாவது கியரிலேயே ஓட வைத்தார். முட்டியால் டேங்கை இறுக்கு, விரலால் பியானோ வாசிப்பது மாதிரி கிரிப்பைத் தட்டிக்கொண்டே வா என்றார். விரலைத் தட்ட முடிந்தால் கை தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். இப்போதும் வார்ம்அப் லேப்பில் இதைச் செய்கிறேன்.

ஆறாம்கியர்:

அருமை தங்கச்சி, இந்தத் தட்டுகிற பயிற்சியை நானும் வாங்கிக்கொள்கிறேன். மார்ஷல் சார், நீங்கள் சொன்னதை எங்கள் டீம் பசங்களுக்கு அடுத்த பயிற்சிக்கு முன் படித்தே காட்டப் போகிறேன். செலவு பற்றி உள்பெட்டியில் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லிவர், ஃபுட்பெக், கிளிப்-ஆன் மூன்றும் ஒரு செட் கூடுதலாகக் கையில் இல்லாமல் ரவுண்டுக்குப் போகாதீர்கள், சனிக்கிழமை விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை கிரிட்டில் (பந்தயம் தொடங்குகிற வரிசை) நிற்பது அதைப் பொறுத்துத்தான். ஆயில் ட்ரெயின் போல்ட்டில் லாக் வயர் (போல்ட் கழலாமல் பிடிக்கிற கம்பி) கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு விழுதலுக்குப் பிறகும் பாருங்கள், ஆயில் சிந்தினால் பின்னால் வருகிறவனும் விழுவான். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஃபேரிங்கை (வண்டியின் வெளிக்கூடு) பழசாகவே ஒட்டி ஓட்டுங்கள், பரவாயில்லை. தரையில் அடிபட்ட ஹெல்மெட்டை மட்டும் மறுபடி போடாதீர்கள், வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே இருக்கிற தெர்மோகோல் அமுங்கியிருக்கும், அது ஒரு தடவைக்குத்தான் தாங்கும்.