அப்போ நீங்க இலங்கைத் தமிழ் பேசலையா?

தலவாக்கலை

2025 ஆகஸ்ட். ஹட்டனில் வேலை முடிந்து பின்னேரக் கோச்சியில், அதாவது ரயிலில், ஏறினேன். எல்லவுக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் பெட்டி நிறைய இருந்தார்கள். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் வழக்கம்போல ஒரே கூச்சல். பக்கத்தில் நின்ற பத்து வயதுப் பையன் ஒருவன் மட்டும் பயந்து அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "பயப்படாத தம்பி, இந்தா வெளிச்சம் வந்துரும்" என்றேன்.

வெளிச்சம் வந்ததும் அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் தமிழ்நாடா? எந்த ஊருங்க?"

"இல்லம்மா, இந்த ஊருதான். அடுத்த ஸ்டேஷன் கொட்டகலை, அதுக்கு அடுத்தது எங்க ஊரு."

அவருடைய கணவர் நம்பவில்லை. "அப்போ நீங்க இலங்கைத் தமிழ் பேசலையா? எங்கள மாதிரியே பேசுறீங்களே" என்றார். பையன் அதற்குள் பயம் தெளிந்துவிட்டான். "அங்கிள், அந்தப் படத்துல சசிகுமார் பேசுவாருல்ல, அந்த மாதிரி பேசிக் காட்டுங்க!"

அவன் சொன்னது 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை. அந்த மே மாதம்தான் வந்திருந்தது. படகேறிச் சென்னைக்குப் போய்ச் சேர்கிற ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் கதை. நான் இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் அழுதேன். நல்ல மனசோடு எடுத்த படம். அதற்கு 25 வருஷத்துக்கு முன்னால், 2000இல், 'தெனாலி'யில் கமல் இலங்கைத் தமிழ் பேசியபோதும் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் பார்த்தோம். ஆனால் இரண்டு படத்திலும் கேட்டது வடக்குப் பக்கத்துத் தமிழ். அதுவும் அழகான தமிழ்தான், எங்கள் வீட்டில் பேசுகிற தமிழ் இல்லை, அவ்வளவுதான். தமிழ் சினிமாவைப் பொறுத்தவரை இலங்கையில் இருப்பது ஒரே ஒரு தமிழ்.

பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் நான் சொன்னேன். 1820களில் கோப்பித் தோட்டத்துக்கும், 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட பிறகு தேயிலைக்கும், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து எங்கள் ஆட்கள் இந்த மலையகத்துக்கு வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பேச்சுதான் இது. வந்த இடத்தில் கோச்சி, பாண் (பிரெட்), காம்பரா (அறை), இஸ்தோப்பு (முன் வராந்தா) எல்லாம் வந்து சேர்ந்துகொண்டன. 'நாளைக்கு வர்றீங்களா?' என்று நான் கேட்பதை யாழ்ப்பாணத்துச் சிநேகிதன் 'நாளைக்கு வாறியளோ?' என்று கேட்பான். இரண்டும் இந்த நாட்டுத் தமிழ்தான்.

செயின்ட் கிளேயர் அருவி தெரிந்ததும் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அந்தக் கணவர் மட்டும் நகரவில்லை. "எங்க ஊரு முசிறிங்க. எங்க அப்பத்தா இருந்த வரைக்கும் 'அங்கிட்டு இங்கிட்டு'ன்னுதான் பேசும். இப்ப எங்க வீட்ல யாரும் அப்படிப் பேசுறதில்ல. நீங்க பேசும்போது அது ஞாபகம் வருது" என்றார். இறங்கும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இந்த மாதிரி உங்களுக்கும் நடந்திருக்கும். எழுதுங்கள்.

பொகவந்தலாவை, இப்போது கொழும்பு

எனக்கு நடந்தது இவ்வளவு இனிப்பானது இல்லை. 19 வயதில் வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு வந்தேன். இரண்டாவது நாளே ஒரு வாடிக்கையாளரிடம் "என்னா கலர் வேணும்க்கா?" என்று கேட்டுவிட்டேன். பின்னால் நின்ற ஒருவர் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் அந்த வார்த்தை தெரியும், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அன்றிலிருந்து 'என்னா' என் வாயிலிருந்து போய்விட்டது. ஆறு மாதத்தில் யார் கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு தமிழ் பேசப் பழகிவிட்டேன். சொந்த ஊரைக் கேட்டால் "கண்டிப் பக்கம்" என்பேன்.

அம்மா இரவில் போன் எடுப்பார். கொழுந்து எத்தனை கிலோ, மழை எப்படி, தம்பி பள்ளிக்கூடம் போனானா, எல்லாம் சொல்வார். ஒரு நாள் பாதியில் நிறுத்திவிட்டு, "யார் கூட பேசுறேன்னே தெரியல சாமி. என் புள்ள மாதிரி பேசு" என்றார். போர்டிங் ரூமில் பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது. அதனால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். ஒரு மணி நேரம். இப்போது யார் பக்கத்தில் இருந்தாலும் இருந்த இடத்திலேயே பேசுகிறேன். கடையிலும்தான்.

ஹப்புத்தளை

நான் யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்தவள். முதல் வருஷம் மாமியார் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார், எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஒரு நாள் நேரே கேட்டுவிட்டேன். "ஐயோ பிள்ளை, நீ கதைக்கிறது படத்திலை வாற பிள்ளையள் மாதிரி இருக்கு, கேக்க ஆசையா இருக்கு, அதுதான் சிரிக்கிறனான்" என்றார். நானாக மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன். இப்போது மகன் அப்பாச்சியிடம் ஒரு தமிழும் என் அம்மாவிடம் ஒரு தமிழும் பேசுகிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பொகவந்தலாவைத் தங்கச்சிக்கு ஒன்று: கேட்பவர் எல்லாரும் அந்தப் பின்னால் நின்ற ஆள் இல்லை. ஆனால் உங்களுக்கு வலித்தது எனக்குப் புரிகிறது.

அக்கரபத்தனை

எனக்கு நடந்தது இந்தியாவில். 2019இல் கோயம்புத்தூருக்கு ஒரு வேலையாகப் போன நாங்கள், மலையைப் பார்க்காமல் இருக்க முடியாமல் கோத்தகிரிக்குப் பஸ் ஏறினோம். வளைவுக்கு வளைவு நம்ம ஊர். அதே தேயிலை, அதே சில்வர் ஓக் மரம், அதே குளிர். டவுனில் சின்னத் தேத்தண்ணிக் கடை, ஒரு வயதான அம்மா வைத்திருந்தார். பசி. எதையும் யோசிக்காமல், "அம்மா, பாண் இருக்கா?" என்று கேட்டேன்.

தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. டம்ளர் ஒரு கையில், குவளை ஒரு கையில். "பாண்ணா கேட்டீங்க?" என்றார். நான் திருத்திக்கொண்டு, "பிரெட், பிரெட்" என்றேன். அவர் கேட்கவில்லை. இரண்டையும் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "சிலோனா? எந்தத் தோட்டம்?"

எந்த ஊர் என்று கேட்கவில்லை, பாருங்கள். எந்தத் தோட்டம்.

சொன்னேன். அந்த அம்மா பிறந்ததும் அக்கரபத்தனைதான். என் தோட்டம் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அதில் இவர்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நீலகிரியில் அரசாங்கம் தாயகம் திரும்பியவர்களுக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. இவருக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் 'பாண்' என்று சொன்னதற்குப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கேலி செய்தார்களாம். அதோடு விட்டுவிட்டார். வீட்டில் அம்மா மட்டும் கடைசி வரைக்கும் பாண் என்றுதான் சொன்னாராம். "எங்கம்மா செத்து பதினோரு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் அந்த வார்த்தைய கேக்குறேன்" என்றார்.

நாங்கள் இரண்டு மணி நேரம் அந்தக் கடையில் இருந்தோம். பெரட்டுக் களத்துக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) மேலே இருந்த மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கா? மாசியில காமன் கூத்து ஆடுறாங்களா? ரதி வேஷம் யாரு கட்டுறது? மன்மதன எரிச்ச அன்னைக்கு ராத்திரி ரதி ஒப்பாரி வச்சப்போ நானும் சேர்ந்து அழுதேன், அப்பா தூக்கிட்டுப் போனாரு. ஒவ்வொன்றாகக் கேட்டார். என் போனில் இருந்த அந்த வருஷத்துக் காமன் கூத்து வீடியோவைக் காட்டினேன். பத்து நிமிஷ வீடியோ. தப்பு மேளச் சத்தம் கேட்டதும் அவர் கால் தரையில் தட்ட ஆரம்பித்தது. முகம் அழுதுகொண்டிருந்தது, கால் தட்டிக்கொண்டிருந்தது.

காசு வாங்கவில்லை. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, "அங்க போனதும் எனக்காக ஒரு பாண் வாங்கி, கட்டச் சம்பல் வச்சுத் தின்னுங்க" என்றார். வந்த மறுநாளே செய்தேன்.

புசல்லாவை

மேலே எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு எழுத வரவில்லை. சின்னதாக ஒன்று. 2023இல் ஜீ தமிழ் சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் எங்கள் நயாப்பன தோட்டத்துப் பிள்ளை அசானி பாடியது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பட்டத்தை வென்றது யாழ்ப்பாணத்து அரியாலைப் பிள்ளை கில்மிஷா. எங்களுக்கு இரண்டு பேரும் நம்ம பிள்ளைகள். எங்கள் மலையகம் 200 வருஷத்தை நினைத்து மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனதும் அதே வருஷம்தான். அதனால் எனக்கு இரண்டும் ஒன்றாகவே ஞாபகத்தில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது பாட்டைப் பற்றி இல்லை. அந்தப் பிள்ளை பாட்டு முடிந்து பேசும். அப்போதுதான் எங்கள் லயம் அமைதியாகிவிடும். பாட்டுக்குக் கைதட்டிய கிழவிகள் எல்லாம் பேச்சுக்கு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாயி ஒருநாள், "டிவிக்குள்ள நம்ம வீட்டுப் பேச்சு கேக்குதுடி" என்றார். 74 வயது. எத்தனையோ வருஷமாக டிவி பார்க்கிறவர்.

தலவாக்கலை

நான் ஆரம்பித்தது ஒரு பையன் கேட்ட கேள்வியிலிருந்து. எங்கேயோ போய்விட்டது, சந்தோஷம். கோத்தகிரி அம்மாவை நினைத்து நேற்று இரவு தூக்கம் வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். என் தங்கச்சி மகள் டிக்டாக்கில் வீடியோ போடுகிறாள். "ஹாய் கைஸ்" என்று தொடங்கி, சென்னையில் பிறந்த பிள்ளை மாதிரியே பேசுவாள். அப்படிப் பேசினால்தான் ஆட்கள் பார்ப்பார்கள் என்பது அவள் கணக்கு. எனக்கு அதில் சம்மதம் இல்லை, பல தடவை சொல்லியும் இருக்கிறேன். ஆனால் வயசுப் பிள்ளையிடம் சொல்லிச் சொல்லி ஒன்றும் ஆகாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எழுதியதையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கோத்தகிரிக் கதை வந்தபோது போனைக் கீழே வைத்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் குசினியில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். என் அம்மா அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கிறார், அவள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அம்மாவின் விரல்நுனியில் இன்னும் கொழுந்துக் கறை. மாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "என்னாத்துக்கு இதப் புடிக்கிற, அங்கிட்டுப் போ, புகை கண்ணுல பட்டுரும்" என்கிறார்.

"பேசுங்க அம்மாச்சி, இன்னும் பேசுங்க" என்றாள் அவள்.