எஃப்.ஐ.ஆர் போட வைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குழுவில் உள்ள அண்ணன், அக்காமார்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எந்த ஊர் என்பது வேண்டாம்.

போன வாரம் நைட் டூட்டியில், திருக்கை மீன் முள் குத்திய ஒருவரை கேஷுவாலிட்டிக்குக் கொண்டு வந்தார்கள். முள் குத்திய காலை வெந்நீரில் வைக்கச் சொன்னதும், "ஊசி போடாம சுடுதண்ணி காட்டுறியா?" என்று கூட வந்தவர் எங்கள் சிஸ்டரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். அந்த விஷ வலிக்குத் தாங்கும் சூட்டில் வெந்நீர்தான் முதல் சிகிச்சை. விளக்கிச் சொல்ல விட்டால்தானே!

சிஸ்டரின் காயத்தை அன்றிரவே மருத்துவமனையின் ஏ.ஆர் (விபத்து, காயப்) பதிவேட்டில் ஏற்றிவிட்டோம். போலீஸ் ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீதோடு சரி, எஃப்.ஐ.ஆர் போடவில்லை. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிரான 2008 தமிழ்நாடு சட்டத்தில் நர்ஸ்களும் அடக்கம். 3 முதல் 10 ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம். அதைச் சொன்னால், "பேசி முடிச்சுக்கங்கம்மா" என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களும் சமாதானம் பேச அந்த சிஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், கை நிறைய மீனோடு! தொகுப்பூதிய வேலை என்பதால் அந்தப் பெண் பயப்படுகிறாள்.

இந்தச் சட்டத்தில் வழக்குப் பதிய வைத்தவர்கள் இங்கே உண்டா? அவள் பெயரில் இல்லாமல் மருத்துவ அலுவலரே புகார் கொடுத்தால் எடுபடுமா? சிசிடிவி பதிவு அழிவதற்குள் அதைப் பத்திரப்படுத்த யாருக்கு மனு எழுதுவது? புகார் மாதிரி இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். "மன்னிச்சு விட்டுருங்க" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அது எங்களுக்கு ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.