பதில்: கிளிப்பிங் மாஸ்க் என்பதற்குப் 'பாத்தி' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஃபோட்டோஷாப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் வரும் 'கிளிப்பிங் மாஸ்க்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'பாத்தி' சரிவருமா என்பதுதான் பேச்சு. அதற்கு வந்த ஒரு மறுப்பு இது:

> லேயர் என்றால் அடுக்கு, மாஸ்க் என்றால் மறைப்பு. ஆகவே கிளிப்பிங் மாஸ்க் 'வெட்டு மறைப்பு'. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. அடுக்கு என்பதில் சண்டையே இல்லை. படங்களைத் தனித்தனித் தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் வசதி அது; 1994-இல் ஃபோட்டோஷாப் 3.0 பதிப்பில் நுழைந்தது. தமிழ்ச் சொல்லும் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஓர் அடுக்கின் சில பகுதிகளை மட்டும் மறைக்கும் லேயர் மாஸ்க்குக்கு மறைப்பு என்பதும் பொருந்தும்: கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும், சாம்பல் பூசினால் அரைகுறை. கிளிப்பிங் மாஸ்க்கின் கதை வேறு. அங்கே வடிவம் கீழே, படம் மேலே. கீழே வடிவம் இருக்கிற இடத்தில் மட்டும் மேலே உள்ள படம் தெரியும். மூடி என்று எதுவும் மேலே இல்லவே இல்லை.

போன வாரம் அக்கா மகளின் காதுகுத்துப் படங்களை வைத்து ஒரு பக்கம் செய்தேன். 12 அங்குலச் சதுரம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 3600-க்கு 3600 பிக்சல். அடியில் பழுப்புக் காகிதம், அதன்மேல் ஒரு வட்டம், வட்டத்தின் மேல் ஒகேனக்கல் பரிசலில் எடுத்த படம். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இரண்டு அடுக்குகளுக்கும் நடுவிலுள்ள கோட்டைச் சொடுக்கினேன்; படம் வட்டத்துக்குள் அடங்கியது. பரிசலும் வட்டம் என்பதால் பார்க்க அம்சமாக இருந்தது. அப்புறம் நிழல் போட்டேன். வரவில்லை. அரை மணி நேரம் கோணத்தையும் தூரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பார்த்தால், நிழலைப் படத்துக்குப் போட்டிருக்கிறேன்! வட்டத்தைத் தாண்டிப் படத்தின் எதுவும் தெரியாது, அதன் நிழல் உட்பட. வட்டத்துக்குப் போட்டதும் காகிதத்தின் மேல் நிழல் விழுந்தது. 'வெட்டு மறைப்பு' என்று நூறு முறை சொன்னாலும் இது புரியாது.

அதனால்தான் பாத்தி. கத்தரிக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் விடுகிறவர் யாரையும் கேளுங்கள். பாத்தி கீழே, தண்ணீர் மேலே. வரப்பின் வடிவம்தான் தண்ணீரின் வடிவம். வட்டம் 'பாத்தி அடுக்கு'. செய்கை 'பாத்தி கட்டு'. விடுவிப்பது 'பாத்தி கலை'. ஒரே வட்டத்தில் மூன்று படம் போட்டால் ஒரே பாத்தியில் மூன்று. எங்கள் தருமபுரி ஸ்டுடியோக்காரர்களுக்கு வினைச்சொல் வேண்டும். 12-க்கு 36 ஆல்பம் தாளைப் பார்த்துக்கொண்டே முதலாளி "இத ரவுண்டுக்குள்ள போடுப்பா" என்பார், பையன் போடுவான். பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

கிளிப்பிங் மாஸ்க்குக்குச் சேலத்து நண்பர் சொன்ன 'அடங்கல்' எனக்கும் பிடித்தது. ஆனால் இந்தப் பக்கம் அடங்கல் என்றால் விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) வாங்கும் பயிர்க்கணக்குக் காகிதம். பயிர்க்கடன் ஞாபகம்தான் வரும்.

ஓர் இடத்தில் என் உவமை நொண்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். மென்பொருளில் வட்டத்தை மட்டும் இழுத்தால் படம் நின்ற இடத்திலேயே நிற்கும், அதன் வேறு பகுதி தெரியும். வயலில் பாத்தியை யார் இழுக்கிறார்கள்? இரண்டு அடுக்கையும் இணைத்துவிட்டு நகர்த்தினால் தொல்லையில்லை. இந்த ஓர் ஓட்டைக்காகச் சொல்லையே தள்ளிவிடலாமா? 'வரப்பு' என்றால் இன்னும் பொருந்துமோ என்றும் ஒரு சந்தேகம். வயல்வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.