எலும்பையே பிடிக்காத நெற்றித் தசை எப்படி இழுக்கிறது?

கேள்வி (முதலாமாண்டு மாணவி):
தலைத்தோல் பாடத்தில், பிடரியிலும் நெற்றியிலும் இரண்டு பகுதிகளாக இருக்கும் ஆக்ஸிபிட்டோஃபிரன்டாலிஸ் தசையில் சிக்கி நிற்கிறேன். பிடரிப் பகுதி எலும்பிலிருந்து தொடங்குகிறது, சரி. நெற்றிப் பகுதிக்கு எலும்புப் பிடிப்பே கிடையாது என்கிறார்களே, அப்புறம் அது எதைப் பிடித்துக்கொண்டு இழுக்கும்? மனப்பாடம் செய்து எழுதிவிடலாம், ஆனால் புரியாமல் அடுத்த பக்கம் போக மனசு வரவில்லை.

பதில் (உடற்கூறியல் ஆசிரியர்):
நல்ல கேள்வி அம்மா. ஒரு கையைப் புருவத்துக்கு மேலேயும் இன்னொரு கையைப் பின்மண்டையிலும் வைத்துக்கொண்டு புருவத்தை நன்றாக உயர்த்துங்கள். நெற்றித் தோல் குறுக்காக மடியும், சிலருக்குப் பின்பக்கத் தோலும் லேசாக நகரும். நடுவே உச்சியில் இருப்பது தசையே இல்லை, காலியா என்ற தட்டையான, உறுதியான படலம். பிடரி எலும்பிலும் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பிலும் ஊன்றியிருக்கும் பின்தசை அந்தப் படலத்தைப் பின்னால் இழுத்து நிறுத்துகிறது, நெற்றித் தசை அதையே பிடிமானமாக வைத்துப் புருவத்தைத் தூக்குகிறது. அதன் முன்முனை முடிவது புருவத் தோலிலும் மூக்கின் மேற்பகுதித் தோலிலும்தான்.

பதில் (அவசரப் பிரிவு செவிலியர்):
முன்பக்கம் எலும்பில் ஒட்டாததன் விளைவை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அடி பட்டது உச்சந்தலையில், ஆனால் ஓரிரு நாளில் வீங்கிக் கறுப்பது கண் இமை, வீட்டார் பதறிப்போவார்கள். காலியாவுக்கு அடியில் கசிந்த ரத்தத்தைத் தடுக்க முன்னால் எலும்போடு ஒட்டு எதுவும் இல்லாததால் அது மெல்ல இமைக்கு இறங்கிவிடுகிறது. அதே மாதிரி, காலியா குறுக்காக அறுபட்டால் முன்தசையும் பின்தசையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, காயம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

பதில் (பிசியோதெரபிஸ்ட்):
நரம்பையும் சேர்த்துப் படியுங்கள் தங்கச்சி. இரண்டு பகுதிக்கும் 7-வது கபால நரம்பான முகநரம்புதான், ஆனால் கிளைகள் வேறு: நெற்றிக்கு டெம்போரல் கிளைகள், பிடரிக்குக் காதுக்குப் பின்னால் போகும் கிளை. வாய் ஒரு பக்கம் கோணியவரிடம் நான் முதலில் புருவத்தைத் தூக்கச் சொல்வேன். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கத்திலிருந்தும் கட்டளை வருவதால், பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். பெல்ஸ் பால்சி என்ற முகவாதத்தில் முகநரம்பே பாதிக்கப்படுவதால் அந்தப் பக்க நெற்றி வழவழவென்று அசையாமல் கிடக்கும். இதை வைத்து வீட்டிலேயே யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது, திடீரென்று முகம் கோணினால் எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
கையை வைத்துப் பார்த்தேன் சார், பின்னால் தோல் நகர்வது எனக்கே தெரிகிறது!